அட்டைப் பெண்ணின் அம்மா

அந்தப் பள்ளிக்கூடத்தின் அறிமுகக் கையேடு பெருமையாகத்தான் தொடங்கும்: 'எங்கள் பள்ளியில் முப்பத்தொரு மொழிகள் பேசப்படுகின்றன.' பொய்யில்லை. ஆனால் தலைமையாசிரியருக்குத் தெரிந்தது ஒன்றுதான். மீதி முப்பதையும் அந்த ஒன்றையே கொஞ்சம் சத்தமாகப் பேசிச் சமாளித்துவிடுவார். சத்தத்துக்கும் மசியாத பெற்றோர் வந்தால் ஆபீசிலிருந்து ஆள் ஓடும், மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிவர.

தமிழுக்கு ஓடும் ஆள் வந்து நிற்கிற இடம், ஜெராக்ஸ் மெஷினுக்கும் முதலுதவி அலமாரிக்கும் நடுவே இருக்கும் ஒரு மேஜை. அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு மொழியக்கா என்று பெயர். முப்பத்தாறு வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது வைத்த பெயர்; இப்போது ஐம்பத்தெட்டு. இருபத்திரண்டு வருஷத்தில் நாலு தலைமையாசிரியர்கள் வந்து போய்விட்டார்கள், ஜெராக்ஸ் மெஷினுக்குக்கூட இரண்டு முறை பதவி உயர்வு வந்து பெரிதாகிவிட்டது. அக்கா மட்டும் அக்காவாகவே இருந்தார்.

மேஜைக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். மொழிபெயர்ப்பவர் எதையும் சேர்க்கக் கூடாது, எதையும் குறைக்கக் கூடாது. அதற்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு அக்கா சேர்த்த சேர்ப்புக்கு அளவே கிடையாது. "நமது நூலகத்தில் பன்னிரண்டாயிரம் நூல்கள் உள்ளன" என்று தலைமையாசிரியர் சொன்னால், தமிழில் அது இப்படி வரும்: "பன்னெண்டாயிரம் புக்கு இருக்காம். வெயில் காலத்துல ஏசி அங்க மட்டும்தான் ஓடும், பிள்ளைங்களை மத்தியானம் அங்க போய் உக்காரச் சொல்லுங்க. மாடில இருக்கிற குழாயில தண்ணி வராது, திறந்து பாத்து ஏமாறாதீங்க." தலைமையாசிரியர் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, தமிழ் ரொம்ப நீளமான மொழி என்று வியந்துகொள்வார்.

இந்தத் தொழிலில் ஒரு வினோதம் உண்டு. பிள்ளை நன்றாகப் படித்தால் யாரும் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட மாட்டார்கள். நூற்றுக்கு நூறு வாங்கினால் மார்க் ஷீட்டே பேசிவிடும். கண்ணாடியை உடைத்தால், பத்து நாள் வகுப்புக்கு வராமல் போனால், பைக்குள் சிகரெட் இருந்தால், எழுதக் கூடாத கடிதத்தை எழுதக் கூடாத ஆளுக்கு எழுதினால்தான் அக்காவுக்கு அழைப்பு வரும். எண்ணூறு பிள்ளைகள் படிக்கிற இடத்தில் எழுநூற்றைம்பது பேர் தம் பாட்டுக்கு வந்து தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மீதி ஐம்பது பேரின் கதை மட்டும் அக்காவின் வாய் வழியாகப் போய் வந்தது. அழுகிற அம்மாவின் அழுகையை மட்டும் மொழிபெயர்க்காமல், மற்ற எல்லாவற்றையும் அவர்தான் சொன்னார். வெளியே யாரிடமும் சொல்லவும் கூடாது. எல்லாம் உள்ளேயே தங்கியது. முதலுதவி அலமாரிக்குப் பக்கத்திலேயே வருஷக்கணக்காக உட்கார்ந்திருப்பவருக்கு, உலகத்தில் எல்லோருக்கும் அடிபட்டிருக்கிறது என்றுதானே தோன்றும்?

அக்காவின் ஒரே மகளும் அங்கேதான் படித்தாள்.

பதினேழு வருஷத்துக்கு முன்னால், மகள் பத்தாவது படிக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு போன் வந்தது. வகுப்பு டீச்சர். "உங்க மகளைப் பத்திக் கொஞ்சம் பேசணும். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வர முடியுமா?"

அந்த வாக்கியத்தை அக்காவுக்கு மனப்பாடமாகத் தெரியும். அவரே தமிழில் நானூறு அம்மாக்களுக்கு போனில் சொல்லியிருக்கிறார். சொன்ன கையோடு, "பதறாதீங்க, வந்து என்னன்னு கேளுங்க" என்று ஒரு வரி சொந்தமாகவும் சேர்த்திருக்கிறார். அன்றைக்கு அந்த ஒரு வரியை அவருக்குச் சேர்த்துச் சொல்ல ஆளில்லை. "எதுக்கு டீச்சர்?" என்று அவரும் கேட்கவில்லை. "வரேன்" என்று வைத்துவிட்டார்.

அந்த வாரம் மட்டும் மூன்று விசாரணை. அதில் ஒன்று, வீட்டைவிட்டே போய்விட்ட ஒரு பெண்ணைப் பற்றி.

"என்ன பண்ணின?" என்றார் மகளிடம்.

"ஒண்ணும் பண்ணலையே."

"ஒண்ணும் பண்ணாமலா கூப்பிடுவாங்க?"

"சத்தியமா ஒண்ணும் பண்ணலம்மா. நீ போய்க் கேட்டுட்டு வாயேன்."

நானூறு பிள்ளைகளும் இதையேதான் சொல்லியிருந்தார்கள். அக்கா மகளின் பையைக் கவிழ்த்தார். புத்தகங்களோடு ஒரு புதுச் சீப்பும் கையகலக் கண்ணாடியும் விழுந்தன.

"இது எதுக்கு?"

"புதன்கிழமை போட்டோ எடுக்க வந்தாங்க. நீட்டா வரச் சொன்னாங்க."

"போட்டோவா? யாரு எடுத்தான்? எதுக்கு எடுத்தான்?"

"எனக்கென்ன தெரியும்? எல்லாரையும்தான் எடுத்தாங்க. சும்மா லேப் கதவைத் திறந்துட்டு உள்ள போகச் சொன்னாங்க, போனேன்."

அதற்குமேல் அக்காவுக்குக் காது கேட்கவில்லை. கை மட்டும் எழுந்தது. மகளை அதுவரை அடித்ததில்லை; அதனால் எவ்வளவு அடிக்க வேண்டும் என்ற அளவும் தெரியவில்லை. வீட்டுக்காரர் குறுக்கே வந்து விழுந்துதான் நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறி, ஐந்து மணி நேரப் பயணத்தில் இருந்த நாத்தனார் வீட்டில் மகளை விட்டுவிட்டு வந்துவிட்டார். 'பெண் கைக்குள் இருந்தால் போதும், படிப்பு கிடக்கட்டும்' என்று ஒரு முடிவு. வழி நெடுக மகள் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை முழுக்க டீச்சர் கண்ணில் படாமல் ஒதுங்கிவிட்டு, செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு, கேட்கப் போகிற எல்லாவற்றுக்கும் மனசுக்குள் பதிலை அடுக்கிக்கொண்டு அக்கா போய் உட்கார்ந்தார். டீச்சர் ஒரு தாளை நீட்டினார்.

"புதுக் கையேட்டுக்கு அட்டைப் படம் தேர்ந்தெடுத்தோம். முன்னூறு போட்டோ பாத்தோம், உங்க மகள் படம்தான் எல்லாருக்கும் பிடிச்சுது. பெத்தவங்க சம்மதம் வேணும். இங்க ஒரு கையெழுத்து."

படமும் இருந்தது. லேப் கதவைப் பாதி திறந்தபடி, பின்னால் வருகிற யாரையோ திரும்பிப் பார்த்து மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். தலை வழித்து வாரியிருந்தது. புதுச் சீப்பு நல்ல சீப்புதான்.

அக்கா கையெழுத்துப் போட்டார்.

"பொண்ணு ரெண்டு நாளா வரலையே?"

"காய்ச்சல் டீச்சர்."

அந்தக் காய்ச்சல் ஒரு மாதம் நீடித்து, மாற்றுச் சான்றிதழில் போய் முடிந்தது.

உடனே அழைத்து வந்திருக்கலாமே என்று யாரும் கேட்பார்கள். வீட்டுக்காரரும் கேட்டார். "தப்பு என் மேலதான்னு சொல்லிட்டுக் கூட்டிட்டு வாயேன். வாய் வலிக்குமா?" என்றார். ஊர் உலகத்தின் மன்னிப்பையெல்லாம் இரண்டு மொழியில் சொல்லத் தெரிந்தவர் அக்கா. சொந்த மன்னிப்புக்கு மட்டும் நாக்கு வரவில்லை. அடுத்த வாரம் போகிறேன் என்றார். அடுத்த வாரம் போவதற்குள், பெண் சும்மா இருக்க வேண்டாமே என்று நாத்தனார் அவளை ஒரு அட்டைப்பெட்டி கம்பெனியில் சேர்த்துவிட்டிருந்தார். போனில் மகள் ஒரே வரிதான் பேசினாள்: "நம்பாத வீட்டுக்கு எதுக்கு வரணும்?" எதற்காகக் கூப்பிட்டார்கள் என்பதை அக்கா அப்போதும் சொல்லவில்லை. சொன்னால், தான் அடித்த அடிக்கு ஒரு காரணமும் மிஞ்சாதே.

மகள் அங்கேயே வேலை பார்த்து, அங்கேயே கல்யாணம் செய்துகொண்டாள். ஆறு வருஷத்துக்கு முன் அப்பா இறந்தபோது தனியாக வந்தாள். செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாள். அம்மாவிடம் மூன்றே வார்த்தை பேசினாள். "அலமாரிச் சாவி எங்க?"

கையேட்டின் அட்டை மட்டும் மாறவே இல்லை. புதுப் படம் எடுக்கக் குழு போட்டார்கள். குழு ஆறு முறை கூடி டீ குடித்தது. யூனிஃபார்ம் நிறம் நீலத்திலிருந்து மெரூனுக்கும் மெரூனிலிருந்து பச்சைக்கும் மாறியபோது, கம்ப்யூட்டரில் அந்தப் பாவாடைக்கு மட்டும் சாயம் ஏற்றினார்கள். படம் தேர்ந்தெடுத்த டீச்சர் மாற்றலாகிப் போனார். அது யாருடைய பெண் என்று தெரிந்தவர்கள் பள்ளிக்கூடத்தில் யாரும் மிஞ்சவில்லை. வருஷா வருஷம் புதுக் குடும்பங்களுக்கான அறிமுக நாளில், தன் மகளின் சிரிப்பைக் கட்டுக் கட்டாகத் தூக்கி வந்து அக்காவே விநியோகித்தார்.

வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? "அழகா இருக்கே, இந்தப் பொண்ணு இப்ப என்ன படிக்குது?" என்றார்கள் முதல் வருஷம். "பதினொண்ணாவது" என்று அக்காவின் வாயில் வந்துவிட்டது. அடுத்த வருஷம் பன்னிரண்டு. அப்புறம் காலேஜ். பொய்யென்றாலும் வருஷம் தவறாமல் பாஸாகிக்கொண்டே போனாள். மகள் அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்த வருஷங்களில் அட்டை மகள் இன்ஜினியராகி, வெளிநாட்டுக்கும் போய் வந்தாள். பெண் பிள்ளையை மேற்கொண்டு படிக்கவைக்கத் தயங்குகிற அப்பாக்களிடம் அக்கா அட்டையைக் காட்டிப் பேசுவார். எத்தனையோ பேர் மனசு மாறியிருக்கிறார்கள். அந்தப் பொய்யால் நாலு பெண்கள் உண்மையாகவே இன்ஜினியர் ஆனார்கள்.

இந்த வருஷம் அறிமுக நாளுக்கு நாலு நாள் முன்பு, ஆபீஸ் கிளார்க் தமிழ்க் குடும்பங்களின் பட்டியலைக் கொண்டுவந்து போட்டார். இந்தக் கிளார்க் எதைப் பார்த்தாலும் சீல் குத்துகிறவர். டீ கிளாஸின் அடியில்கூட ஒரு சீல் இருப்பதாகப் பேச்சு.

"பன்னெண்டு குடும்பம் அக்கா. ஆனா உங்களுக்கு வேலை பதினொண்ணுதான். கடைசி அம்மா மொழிபெயர்ப்பாளர் வேண்டாம்னு டிக் பண்ணிட்டாங்க."

அக்கா கடைசி வரியைப் பார்த்தார். தாயின் பெயர் இருந்த இடத்தில், தான் ஒரு காலத்தில் தேடித் தேடி வைத்த பெயர் இருந்தது. மாப்பிள்ளைக்கு இந்த ஊருக்கு வேலை மாறியிருக்கிறது போல. பேத்தி ஆறாம் வகுப்பு. 'மொழிபெயர்ப்பாளர் தேவையா?' என்ற கட்டத்தில், 'வேண்டாம்' என்பதற்கு நேரே, பேனா தாளைக் கிழிக்கிற அழுத்தத்தில் ஒரு டிக்.

நாலு நாளும் அக்காவுக்கு ஒரே ஒரு கவலைதான் ஓடியது. மகள் வருகிறாள். அட்டையைப் பார்ப்பாள். லேப் கதவு, சீப்பு, புதன்கிழமை, செவ்வாய்க்கிழமை எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க அவளுக்கு ஒரு நிமிஷம் ஆகாது. பதினேழு வருஷமாகச் சொல்லாததை ஒரு காகிதம் சொல்லிவிடும். அதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் அவள் பார்க்காமலே போக வேண்டும்.

சொல்வதற்கு தைரியம் வேண்டும். கிழிப்பதற்கு ஒரு ஸ்கேல் போதும். அக்கா ஒரு கையேட்டின் அட்டையை ஸ்கேல் வைத்து நேர்த்தியாகக் கிழித்தார். அடுத்த பக்கம் முன்னால் வந்தது: தலைமையாசிரியரின் படம். அதைப் பார்த்து யாருக்கும் எந்த ஞாபகமும் வராது. பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்றைக்குக் காலை ஏழு மணியிலிருந்து முன் கேட்டில் நின்றார், அட்டையில்லாத கையேட்டோடு. குடும்பங்கள் வந்தன. முகம் கழுவிக் கூட்டிவந்த பிள்ளைகள், இஸ்திரி மடிப்புக் கலையாத அப்பாக்கள். மகள் வரவில்லை. பழைய மாணவி இல்லையா? சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சின்னக் கேட் இருப்பது அவளுக்குத் தெரியும். அதன் வழியாக வந்து, அங்கே நின்ற பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் கையேட்டையும் வாங்கிக்கொண்டு, வரிசையின் கடைசியில் வந்து சேர்ந்துகொண்டாள். அக்கா இதைக் கவனிக்கவில்லை. கண்கள் கேட்டின் மேலேயே இருக்க, பதினொரு குடும்பங்களை அழைத்துக்கொண்டு சுற்றிக்காட்டக் கிளம்பினார்.

நூலகம் பார்த்தாயிற்று. மாடிக் குழாயில் தண்ணீர் வராததையும் பார்த்தாயிற்று. லேப் வாசலுக்கு வந்தபோது முன்வரிசையில் இருந்த ஒரு லாரி டிரைவர் கையேட்டைத் தூக்கிப் பிடித்து, அட்டையையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அட, இதே கதவுதான்! யாருங்க இந்தப் பொண்ணு? இப்ப எங்க இருக்கு?"

அவருக்குப் பின்னால் நின்ற ஒரு நர்ஸ் முந்திக்கொண்டார். "அது இன்ஜினியர்ங்க. போன வருஷம் என் பெரியவ சேர்ந்தப்போ அக்காதான் சொன்னாங்க. வெளிநாட்டுல இருக்காம்."

"பாத்தியா பாப்பா?" என்று டிரைவர் தன் மகளின் தலையில் செல்லமாகத் தட்டினார். "நீயும் அந்த மாதிரி வரணும். சொல்லுங்கக்கா, இன்ஜினியருக்கு என்ன படிக்கணும்?"

அக்கா வாயைத் திறந்தார். அப்போதுதான் கூட்டத்தின் பின்னால், சுவரோரமாக, மகளைப் பார்த்தார். கொஞ்சம் பருத்திருந்தாள். காதோரம் இரண்டு நரை. கையேட்டை நெஞ்சுயரத்தில் பிடித்திருந்தாள். அட்டை தெரிந்தது. அதற்கு மேலே அதே முகம், சிரிப்பு மட்டும் இல்லாமல்.

பதினேழு வருஷமாகச் சரளமாக வந்த பொய் அன்றைக்கு வரவில்லை.

"இல்லீங்க" என்றார் அக்கா. "அவ இன்ஜினியர் ஆகல. நான் பொய் சொன்னேன். பத்தாவதோட நிறுத்திட்டாங்க."

"அடக் கடவுளே. யாரு?"

"அவங்க அம்மா."

"ஏன், பொண்ணு ஏதாவது...?"

"ஒண்ணுமே பண்ணல. ஸ்கூல்லேர்ந்து போன் வந்துச்சு, உங்க பொண்ணைப் பத்திப் பேசணும், வாங்கன்னு. எதுக்குன்னு அந்தம்மா கேக்கல. தப்பாதான் இருக்கும்னு முடிவு பண்ணி, போட்டு அடிச்சு, ஊருக்குக் கொண்டுபோய் விட்டுட்டு வந்துட்டாங்க. அப்புறம் வந்து பாத்தா..." டிரைவர் கையிலிருந்த அட்டையைக் காட்டினார். "இதுக்குத்தான் கூப்பிட்டிருக்காங்க. இந்தப் போட்டோவுக்குக் கையெழுத்து வாங்க."

டிரைவருக்குக் கோபம் வந்துவிட்டது. நாள் முழுக்க ஹாரனை அடக்கிவைத்திருப்பவர் மாதிரி பொரிந்து தள்ளினார். "என்ன பொம்பளைங்க அது? வாயில என்ன கொழுக்கட்டையா? எதுக்குடான்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டா? அப்புறமாவது போய் பொண்ணு கால்ல விழுந்து கூட்டிட்டு வந்தாளா?"

"வரல."

"அவளையெல்லாம் என்ன சொல்றது!"

"சொல்லுங்க" என்றார் அக்கா. "தப்பில்ல."

நர்ஸ், பொய் சொன்னதற்காக அக்காவை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மற்றவர்களுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. எல்லோரும் லேப் கதவைப் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது.

"அம்மா, இந்தப் பொண்ணு உன்ன மாதிரியே இருக்கும்மா."

"ஆமா" என்றாள் மகள். "மாதிரிதான்."

கூட்டம் லேபுக்குள் போயிற்று. மகள் பேத்தியை உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் நின்றாள். அக்காவும் நின்றார். பையிலிருந்த அட்டையில்லாத கையேடு விரலில் இடித்தது.

"அன்னிக்கே சொன்னேன்" என்றாள் மகள், மெதுவாக. "போட்டோ எடுக்க வந்தாங்கன்னு."

"சொன்ன."

"நீங்க போய்க் கேட்டுட்டு வந்து அடிச்சிருக்கலாம். நாலு நாள்தானே. நான் எங்க போயிடப் போறேன்?"

ஒரு காலத்தில் 'நீ' என்று கூப்பிட்டவள். 'நீங்க'வில் மரியாதை இருந்தது, மரியாதைதான் இருந்தது.

"தப்பு..." என்று தொடங்கினார் அக்கா.

"வேண்டாம்" என்றாள் மகள். பட்டியலில் டிக் போட்ட அதே அழுத்தம். "இத்தனை பேர் முன்னாடி யாரோ மாதிரி சொன்னீங்கல்ல. அதுவே போதும்."

லேபிலிருந்து பேத்தி ஓடிவந்தாள். "அம்மா, உள்ள எலும்புக்கூடு இருக்கும்மா!" அப்புறம் அக்காவைப் பார்த்து, ஊருக்குப் புதிதான பிள்ளைகளுக்கே உரிய ஜாக்கிரதையான மரியாதையோடு, "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றாள். அக்கா தலையை ஆட்டினார். திருத்தவில்லை.

மத்தியானம் எல்லோரும் படிவங்களைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கிளார்க் ஒவ்வொன்றாகச் சீல் குத்திக்கொண்டே வந்து, கடைசித் தாளில் நிறுத்தினார்.

"அக்கா, இது என்ன கூத்து? இந்தம்மா மொழிபெயர்ப்பாளர் வேண்டாம்னு சொன்னவங்க. பேரு, விலாசம், போன் நம்பர் எல்லாத்தையும் நம்ம ஊர் மொழிலதான் எழுதியிருக்காங்க, என் கையெழுத்தைவிட அழகா. 'வேறு ஏதேனும் குறிப்புகள்'ல மட்டும் தமிழ்ல ரெண்டு வரி. இதை யாரு படிக்கறதாம்?"

யார் படிப்பார்கள்? அந்தக் கட்டடத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்தானே. அக்கா தாளை வாங்கினார். அந்தக் கையைப் பிடித்து முதல் எழுத்தை எழுதவைத்த விரல்தான், இப்போது வரியோடு மெல்ல நகர்ந்தது.

'என் மகளைப் பற்றிக் கூப்பிட்டால், எதற்கு என்று போனிலேயே சொல்லிவிடவும். நல்ல விஷயமாக இருந்தாலும்.'

"என்ன எழுதியிருக்கு?" கிளார்க் பேனாவோடு தயாரானார். "வழக்கம்போல நீட்டாதீங்க, இடம் கொஞ்சம்தான் இருக்கு."

அக்கா தாளை மேஜையில் வைத்தார். பிறகு அந்த இரண்டு வரியையும் சொன்னார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாக, எதையும் சேர்க்காமல், எதையும் குறைக்காமல்.

கிளார்க் எழுதி முடித்து, மேலே சீல் குத்தினார்.